நாலுக்கு மேல் எண்ண முடியவில்லை

27 ஜூன் 2025, வெள்ளி

ஊசி குத்தி எடுத்த இடம் இன்னும் நோகிறது. றிப்போட் வர இரண்டு கிழமையாம். துண்டில் எழுதித் தந்தார்கள்: ஜூலை 10, வியாழக்கிழமை. பஸ்ஸில் வரும்போது அந்தத் துண்டை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று தெரியாது. கல்லடிப் பாலம் தாண்டியதே தெரியவில்லை.

அம்மாவிடம் பல்லுக்கு மருந்து எடுக்கப் போனேன் என்று சொன்னேன்.

28 ஜூன், சனி

விடிய நாலரைக்கு எழும்பிவிட்டேன். பாயை நாலாக மடித்துப் போட்டு, சுவரைப் பார்த்துச் சம்மணம் கட்டினேன். ஸென் என்ற ஜப்பானியப் பௌத்தத் தியான மரபில் சோதோ வழிக்காரர் சுவரைப் பார்த்துத்தான் அமர்வார்கள். போதிதர்மர் ஒன்பது வருடம் ஒரு சுவரைப் பார்த்தபடி இருந்தார் என்பது பழைய கதை. அவர் தென்னிந்தியப் பக்கத்தில் இருந்து சீனாவுக்குப் போனவர் என்றும் ஒரு மரபு இருக்கிறது. கண்ணை மூடக்கூடாது. அரைக்கண்ணாகத் திறந்து, பார்வையை நிலத்தில் சும்மா விட வேண்டும். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்தது இரண்டு, அப்படியே பத்து வரை. இடையில் தவறினால் மறுபடியும் ஒன்று.

நான் நாலுக்கு மேல் போகவில்லை. நாலு வரும்போது டொக்டரின் முகம் வந்துவிடுகிறது. ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தவர் நடுவில் கதையை நிறுத்தினாரே, அந்தக் கொஞ்ச நேரம்.

அம்மா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றிருக்கிறார். "கண்ண முழிச்சிக்கொண்டு சுவரையா புள்ள கும்பிடுறாய்?"

"கும்பிடல்ல அம்மா. மூச்ச எண்ணுறன்."

"அத எண்ணாத. எண்ணினாக் குறையும்."

போய்விட்டார். ஆளுக்கு இவ்வளவு மூச்சு என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள் என்று அம்மம்மாவும் சொல்வார். பகல் முழுக்க அதுவே மண்டைக்குள் நின்றது.

29 ஜூன், ஞாயிறு

நித்திரை இல்லை.

30 ஜூன், திங்கள்

வேலைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் ஸ. தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். காத்தான்குடியில் இருந்து விடிய ஐந்து மணிக்குச் சமைத்துக் கொண்டு வருகிறாள். நான் சாப்பிட்டு முடித்தேன், என்ன கறி என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்டபோது சொல்ல முடியவில்லை. அவளுக்கு முகம் வாடிப்போனது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜோஷூவின் கதையை இன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். சீனத்தில் 9ஆம் நூற்றாண்டில் இருந்த ஆசான். புதிதாக மடத்துக்கு வந்த ஒரு துறவி, எனக்கு உபதேசம் தாருங்கள் என்று கேட்கிறார். கஞ்சி குடித்தாயா? குடித்தேன். அப்படியென்றால் உன் பாத்திரத்தைக் கழுவு. அவ்வளவுதான் கதை. முன்பெல்லாம் இதில் ஏதோ மறைபொருள் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இரவு பீங்கானைக் கிணற்றடிக்குக் கொண்டு போய்க் கழுவினேன். மீன் குழம்பின் எண்ணெய் ஓரத்தில் மஞ்சளாகப் பிடித்திருந்தது. தேங்காய்த் தும்பில் கொஞ்சம் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். நீலக் கரை போட்ட பீங்கான், ஒரு இடத்தில் சின்னி விரல் நகம் அளவுக்கு உடைந்திருக்கிறது. இருபது வருடமாக இதில்தான் சாப்பிடுகிறேன், அந்த உடைவைப் பெருவிரலால் தடவிப் பார்த்ததில்லை. உள்ளே சுட்ட மண்ணின் நிறம், சொரசொரப்பாக இருந்தது. தண்ணீரை ஊற்றினேன். எண்ணெய் போய், பீங்கான் விரலில் கீச்சென்றது.

அந்த நேரம் முழுவதும் பயம் போகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். அது பக்கத்தில் குந்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கை கழுவிக்கொண்டிருந்தது.

1 ஜூலை, செவ்வாய்

10ஆம் திகதி எசல போயா, பௌர்ணமி! கலண்டரில் சிவப்பாகக் கிடக்கிறது. விடுமுறை நாளுக்குத் திகதி எழுதித் தந்திருக்கிறார்கள். போன் அடித்தேன், நாலாவது தரம்தான் எடுத்தார்கள். "ஓ, அப்ப வெள்ளிக்கிழமை வாங்க." ஒரு நாள்தானே என்று அந்தப் பிள்ளை சொன்னது. ஒரு நாள்தான். எனக்குக் கை நடுங்கியது.

இன்று அமரவில்லை. சுவரைப் பார்க்கவே கோபம் வந்தது.

2 ஜூலை, புதன்

கச்சான் காற்று. வளவு முழுக்கப் புழுதி. நாலு.

3 ஜூலை, வியாழன்

லீவு போட்டேன். அம்மா நெத்தலி வாங்கிக் கழுவி, உப்புப் போட்டு வைத்திருந்தார். பத்து மணிக்கு முற்றத்தில் பாயை விரித்துக் காயப் போடத் தொடங்கினார். ஒவ்வொன்றாக. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், ஒன்றோடொன்று முட்டாமல். வெயில் நெருப்பு மாதிரி. காலில் செருப்பும் இல்லை. எழுபத்தொரு வயது. நான் இரண்டு கையாலும் அள்ளிப் பரப்பி விடுகிறேன், நீங்கள் உள்ளே போங்கள் என்றேன். கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பிறகு அவருக்கு டோகனின் கதையைச் சொன்னேன்.

டோகன் ஜப்பான்காரர். 1223இல், இளவயதில், தர்மம் தேடிக் கடல் கடந்து சீனாவுக்குப் போனவர். தியன்தோங் மடத்தில் ஒரு நாள் மத்தியானம் நடந்து போகும்போது, சமையலுக்குப் பொறுப்பான கிழவர் புத்தர் மண்டபத்தின் முன்னால் எதையோ காயப் போட்டுக்கொண்டிருக்கிறார். காளான் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், கடற்பாசி என்று சிலர். கையில் மூங்கில் தடி, தலையில் ஒன்றும் இல்லை. கல்தரை கொதிக்கிறது. முதுகு வில்லாக வளைந்திருக்கிறது, புருவம் கொக்கு மாதிரி வெள்ளை. உங்களுக்கு எத்தனை வயது என்று டோகன் கேட்கிறார். அறுபத்தெட்டு. வேலையாட்களிடம் விடக்கூடாதா? "மற்றவர்கள் நான் இல்லையே." சரி, இந்த வெயிலில் ஏன் இப்படி வருந்த வேண்டும்? "வேறு எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது?" டோகன் அதற்கு மேல் பேசவில்லை. 1237இல் மடத்துச் சமையல்காரருக்கு என்று அவர் எழுதிய அறிவுரையில் இந்தக் கிழவரை மறக்காமல் எழுதி வைத்தார். அரிசியைக் களையும்போது அரிசியையும் பார், கல்லையும் பார் என்று சொல்கிற எழுத்து அது.

அம்மா நெத்தலியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்: "அந்த மனிசனுக்குப் புள்ளைகள் இல்லையா?"

"துறவி அம்மா."

"பாவம். தண்ணி குடிச்சாரோ தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "குடைய அங்கால பிடி. மீனுக்கு நிழல் விழுது."

4 ஜூலை, வெள்ளி

இன்னும் ஒரு கிழமை. எண்ணுவதற்கு இதுவும் ஒன்று.

5 ஜூலை, சனி

இரவு இரண்டு மணி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஒருவேளை அதுவாக இருந்தால் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டி வரும். அங்கே எங்கே தங்குவது, அம்மாவை யாரிடம் விடுவது, தம்பியிடம் எப்படிச் சொல்வது, முடி கொட்டினால் அம்மாவிடம் என்ன பொய் சொல்வது. ஒன்று முடிந்தால் அடுத்தது. இது சிந்தனையே இல்லை, செக்கு.

ஹகுயின் என்ற ஆசான் (1686–1769) இருபதுகளில் தியானத்தைக் கடுமையாகச் செய்து நோயில் விழுந்தார். நெஞ்சு எரிகிறது, கால் இரண்டும் பனிக்கட்டிக்குள் வைத்த மாதிரிக் குளிர்கிறது, காதுக்குள் ஆற்றுச் சத்தம். எனக்கு இப்போது இருப்பது மாதிரியே. ஒரு மலைக்குகையில் இருந்த முனிவர் தனக்கு ஒரு வழி சொல்லித் தந்தார் என்று பின்னாளில் எழுதினார். வாத்து முட்டை அளவு வெண்ணெய், வாசனை மூலிகைகள் சேர்த்தது, உச்சந்தலையில் இருப்பதாக நினைத்துக்கொள். அது மெல்ல உருகித் தலை, தோள், நெஞ்சு, வயிறு, தொடை என்று உள்ளங்கால் வரைக்கும் இறங்குகிறது. அவ்வளவுதான்.

நான் அந்த வெண்ணெயைக் கண்டதில்லை. எருமைத் தயிரின் ஆடையை வைத்துக்கொண்டேன், சட்டியின் மேல் மஞ்சளாகக் கட்டியிருக்குமே, அது. நெற்றியில் குளிர்ச்சியாக வழிந்தது. தோளுக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தபோது, அந்த இடத்தில், நின்றுவிட்டது. நான் தள்ளவில்லை. அழுதேன். அழுது முடிய அது தன் பாட்டில் கீழே இறங்கியது. எப்போது நித்திரையானேன் தெரியாது. விடியப் பேனை தலையணைக்குக் கீழே கிடந்தது.

6 ஜூலை, ஞாயிறு

மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்த் தீர்த்தக் குளப் படியில் இருந்தேன். ஆடி அமாவாசைத் தீர்த்தம் வருகிறது, பந்தல் வேலை தொடங்கப் போகிறார்கள் என்று யாரோ கதைத்தார்கள். பக்கத்துப் படியில் ஒரு பெண் கண்ணை இறுக்க மூடி, உதட்டை அசைத்து, விரலை மடித்து மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். நேர்த்தி வைக்கிறாள். இத்தனை நாள் விரதம், இத்தனை சுற்று, எனக்கு இதைத் தா.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிற்றில் ஏதோ இறங்கியது. இந்தப் பத்து நாளாக நானும் அதைத்தானே செய்கிறேன். பத்து வரை எண்ணிவிட்டால் றிப்போட் நல்லதாக வரும். பீங்கானைச் சரியாகக் கழுவினால் றிப்போட் நல்லதாக வரும். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது, ஆனால் சொல்லியிருக்கிறேன். தினமும். அதனால்தான் நாலில் அறுகிறது.

அந்தப் பெண்ணின் நேர்த்தியில் பிழை இல்லை. அவள் கேட்க வேண்டியவரிடம் கேட்கிறாள். நான் மூச்சிடம் போய்ப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மூச்சுக்கு என்ன தெரியும், அது வரும், போகும்.

தியானம் என்று நாம் சொல்கிற சமஸ்கிருதச் சொல்தான் பாலியில் ஜான, சீனத்தில் சான், ஜப்பானில் ஸென் என்று ஆனது. அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னது "சும்மா இரு சொல் அற". சின்ன வயதில் பாடமாக்கியது. சும்மா இருப்பது என்றால் ஒன்றும் கேட்காமல் இருப்பதா? எழுந்து கும்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் கும்பிடுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.

8 ஜூலை, செவ்வாய்

தம்பி கட்டாரில் இருந்து எடுத்தான். "அக்கா, ஏன் குரல் ஒரு மாதிரி?" தடிமன் என்றேன்.

9 ஜூலை, புதன்

அம்மாவின் மேல் பாய்ந்துவிட்டேன். கருவாட்டு மணம் வீடு முழுக்க, உடுப்பெல்லாம் மணக்கிறது, யார் தின்னப் போகிறார்கள் இவ்வளவையும் என்று. அம்மா ஒரு சொல் பேசவில்லை. பெட்டியை மூடிக் குசினிக்குள் எடுத்துக்கொண்டு போனார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு தரம் அமர்த்தினார்.

சமாதானம், தியானம், எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கங்களைக் கிழித்துப் போடலாம் போல இருக்கிறது.

பிறகு போய்ப் பக்கத்தில் இருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றை எடுத்து உரித்தேன்.

10 ஜூலை, வியாழன், போயா

பின்னேரம் காற்று விழுந்துவிட்டது. அப்பாவின் துடுப்பைக் கூரை இறப்பில் இருந்து எடுத்தேன். 2004க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. புழுதி தட்டினேன், கைபிடித்த இடம் மட்டும் இன்னும் வழவழப்பு. அம்மா பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார், வாவிக்கரை வரைக்கும்.

பக்கத்து வீட்டு மாமா தோணியில் ஏற்றினார். அம்மா ஏறவில்லை, கரையில் ஒரு கல்லில் இருந்துகொண்டார். கடல் பக்கத்தில் இருந்து நிலா வந்தது. தூரத்தில் பாலத்து வெளிச்சம், 1924இல் திறந்த பழையதும், பக்கத்தில் புதியதும். மாமா வலிப்பதை நிறுத்தினார். துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடியைக் காதில் வைத்தேன். அப்பா அப்படித்தான் காட்டித் தந்தார். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள்; பாடுவது மீனா, ஊரிச் சிப்பியா என்று அவரும் மாமாவும் பந்தயம் பிடிப்பார்கள்.

முதலில் என் நாடிதான் கேட்டது. டக், டக் என்று, கொஞ்சம் வேகமாக. அதற்குக் கீழே தண்ணீர் தோணியில் படும் சத்தம். அதற்கும் கீழே, நெடுநேரம் கழித்து, இழுத்துக் கட்டிய கம்பியை யாரோ தூரத்தில் சுண்டிவிட்ட மாதிரி ஒன்று. வந்தது, நின்றது. மறுபடியும் வந்தது. மாமா என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியாது. காது வலித்தது.

கரைக்கு வந்தபோது அம்மா கையைக் கொடுத்து ஏற்றினார். கையை விடவில்லை.

"பல்லு எப்படி?"

"பரவாயில்ல."

"உனக்குப் பல்லில ஒண்டும் இல்ல புள்ள." நடந்துகொண்டே சொன்னார். "நாளைக்கு நானும் வாறன்."

11 ஜூலை, வெள்ளி

5.20. அமர்ந்தேன். எத்தனை என்று பார்க்கவில்லை.

6.40. ஸ. ஓட்டோவோடு வந்துவிட்டாள், வாசலில் நிற்கிறாள். அம்மா சேலை மாற்றி, தலை வாரி, எல்லாம் முடித்துவிட்டு, முற்றத்தில் பாயை விரித்து மிச்ச நெத்தலியைக் காயப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றாக. நேரம் போகிறது என்று சொல்லப் போனேன். அரைவாசிப் பாய் இன்னும் இருக்கிறது. நானும் குந்தப் போகிறேன், இரண்டு பேர் என்றால்