தேரிக்காட்டு வெயிலை வரைந்து பார்த்தது

இப்போது கைவசம் ஓடிக்கொண்டிருப்பது தேரிக்காட்டு ஓவிய வரிசை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் கிடக்கும் செம்மணல் மேடுகள்தான் பொருள். பனை, முந்திரி என எந்த உருவமும் கூடாது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, அவ்வளவில் உச்சிவெயில் தெரிய வேண்டும்.

மண்ணுக்கு நிறம் தேடி அலைய வேண்டியதில்லை. தேரி மணலைச் சிவக்க வைத்திருப்பது இரும்பு ஆக்சைடு. வண்ணக் குழாயில் வரும் ரெட் ஆக்சைடிலும் பர்ன்ட் சியன்னாவிலும் இருப்பது அதுவேதான். பேலட் கத்தியால் தடிப்பாக இழுத்தால் மண் வந்துவிடுகிறது. வெயில்தான் வர மறுக்கிறது.

முதலில் வானத்துக்கு அல்ட்ராமரின் நீலம். நீலமும் ஆரஞ்சும் போன்ற எதிர்நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ருல் 1839-லேயே எழுதிவிட்டார். அப்படியே நடந்தது: மண் ஆரஞ்சாகத் துள்ளியது. ஆனால் படத்தில் திருவிழாக் களை! சுற்றுலாத் துறை காலண்டருக்கு ஆகும், பாலைக்கு ஆகாது. கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. வானமும் மண்ணும் ஏறக்குறைய ஒரே சாம்பல். நிறம் சண்டை போடுகிறது, வெளிச்சம் அசையவே இல்லை.

அடுத்து நீலத்தை அடியோடு நீக்கினேன். டைட்டானியம் வெள்ளையில் எல்லோ ஓக்கர் என்ற மஞ்சள் காவி ஒரு சிட்டிகை, மண்ணின் ரெட் ஆக்சைடு அதைவிடக் குறைவாக. அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும் என்பதால் கலவையை வேண்டியதைவிட வெளிறலாகவே வைத்தேன். மண்ணைத் தொடவில்லை. கண் தானாகச் சுருங்கியது. ஆக, வெப்பம் சிவப்பில் இல்லை. வெளுத்த வானத்தில் இருக்கிறது. தொல்காப்பியர்கூடப் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும்தான் ஒதுக்கினார், நிறத்தை அல்ல.

அதே வானத்தை வைத்துக்கொண்டு மண்ணில் அல்ட்ராமரின் கலந்து ஊதாவாக இறக்கினால் வெயில் போய், ஆளில்லாத தனிமை வருகிறது. அது வேறு படம். தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது மல்லுக்கட்டுவது இரண்டு பட்டைகளும் சேரும் விளிம்போடு. ஈரத்திலேயே தேய்த்தால் பொழுது மாலையாகிவிடுகிறது. காய்ந்தபின் கத்தியால் நறுக்கென்று இழுத்தால் நண்பகல் நிற்கிறது, கானல் மட்டும் இல்லை. இந்தக் கோடையில் அக்ரிலிக் நிமிடங்களில் காய்ந்துவிடுவதால் நடுவழி பிடிக்க அவகாசம் கிடைப்பதில்லை. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்து, விளிம்பில் மட்டும் அரை ஈரத்தில் தூரிகை ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.