பேரோல் மென்பொருளில் வேலையிடமும் வேலைக் குறியீடும்

எங்கள் அலுவலகம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது. ஊழியர்களில் சிலர் வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறார்கள். ஊதியத்தையும் வரிப் பிடித்தத்தையும் கணக்கிடும் புதிய பேரோல் மென்பொருளுக்கு மாறியபோது, வரி அறிக்கைகளுக்கான வேலையிட விவரங்களையும் வேலைக் குறியீடுகளையும் பதியும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அதிக உழைப்பைக் கேட்டது பென்சில்வேனியாவின் உள்ளூர் வருமான வரிதான். 2008-ஆம் ஆண்டின் 32-ஆம் சட்டத்தின் கீழ், பிலடெல்பியா நீங்கலாக, ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஆறு இலக்க பி.எஸ்.டி. குறியீடு உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் வரி வசூல் மாவட்டத்தையும், அடுத்த இரண்டு பள்ளி மாவட்டத்தையும், கடைசி இரண்டு நகராட்சியையோ டவுன்ஷிப் எனப்படும் உள்ளாட்சியையோ காட்டும். அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப்பெயரைக் கொண்டு இதை முடிவு செய்யவே கூடாது. ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் பல டவுன்ஷிப்புகள் வரக்கூடும். எங்கள் முகவரியில் எழுதும் ஊர் ஒன்று, கட்டடம் நிற்கும் டவுன்ஷிப் வேறு. மாநில அரசின் இணையதளத்தில் கதவு எண்ணையும் தெருவையும் கொடுத்துத் தேடியே சரியான குறியீட்டை எடுத்தேன்.

வேலையிடக் குறியீடு மட்டும் போதாது. ஊழியர் குடியிருக்கும் ஊரின் வரி வீதம், வேலையிடத்தில் வெளியூர்வாசிகளுக்கு விதிக்கப்படும் வீதம், இவ்விரண்டில் எது அதிகமோ அதையே முதலாளி ஊதியத்திலிருந்து பிடிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொருவரிடமும் குடியிருப்புச் சான்றுப் படிவத்தைக் கையெழுத்துடன் வாங்கினேன்.

வாஷிங்டனின் தேவை வேறு. அங்கே வேலையின்மைக் காப்பீட்டுக்கான காலாண்டு அறிக்கையில் ஊதியத்துடன் வேலை நேரத்தையும், 2022-ஆம் ஆண்டின் நான்காம் காலாண்டு முதல் எஸ்.ஓ.சி. என்ற ஆறு இலக்கத் தொழில் குறியீட்டையும் தர வேண்டும். பதவிப் பெயர் இதற்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. எங்களிடம் பலருக்கும் ‘பொறியாளர்’ என்பதே பதவிப் பெயர். ஆனால் மென்பொருள் உருவாக்குபவருக்கு 15-1252, அதைச் சோதிப்பவருக்கு 15-1253. ஆகவே ஒவ்வொருவரும் அன்றாடம் செய்யும் வேலையை அவரவர் மேலாளரிடம் கேட்டறிந்த பிறகே குறியீட்டைப் பதிந்தேன்.

இப்போது வீடு மாறினாலோ பொறுப்பு மாறினாலோ, அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதியுடன் விவரத்தைத் திருத்துகிறோம். பழைய பதிவை அழிப்பதில்லை, ஏனெனில் ஆண்டு முடிவில், ஊழியரின் ஊதியத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் 18 முதல் 20 வரையிலான கட்டங்களில் உள்ளூர் வரி விவரத்தைப் பிரித்துக் காட்ட அது தேவைப்படுகிறது.