மாரோர்: கசப்பை மென்றுதான் தின்ன வேண்டும்

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா இரவின் சடங்கு விருந்துதான் செடர். அதில் மட்ஸா என்னும் புளிக்காத அப்பத்தை மெல்லாமல் விழுங்கினாலும் கடமை தீர்ந்தது. மாரோர் எனப்படும் கசப்புக் கீரையை அப்படி விழுங்கினால் தீராது என்கிறது யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத். கசப்பு நாக்கில் பட்டாக வேண்டும். யூத மறைஞான மரபான கபாலாவில் மாரோருக்குச் சொல்லப்படும் பொருளெல்லாம் இந்தச் சின்னச் சட்டத்தை ஒட்டியே வளர்ந்தது போலத் தோன்றும்.

கலிலேயாவின் சஃபேத் நகரத்துக் கபாலா ஞானி ஐசக் லூரியா (1534–1572) கற்பித்ததை அவருடைய சீடர் ஹயீம் விட்டல் எழுதிவைத்தார். அதில் முதலில் வருவது எண்கணக்கு. எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. மேம் 40, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி ரேஷ் 200: மாரோர் என்ற எபிரேயச் சொல்லின் கூட்டுத்தொகை 446. சாவைக் குறிக்கும் 'மாவெத்' என்ற சொல்லுக்கும் அதே 446தான். அதாவது கையில் எடுப்பது கடவுளின் தீர்ப்பின் கடுமையை. கபாலா மொழியில் 'தினீம்'. அதை அரைப்பவை 32 பற்கள். செஃபிரோத் எனப்படும் 10 தெய்வீக நிலைகளும் 22 எபிரேய எழுத்துகளும் சேர்ந்த 32 ஞானப் பாதைகளால் உலகம் படைக்கப்பட்டது என்று செஃபர் யெட்ஸிரா என்ற பழைய நூல் சொல்கிறது. பற்களால் மெல்லும்போது கடுமை அந்தப் பாதைகளுக்குள் போய் இனிமையாகிறது. கடுமையை அதன் வேரில்தான் இனிப்பாக்க முடியும் என்பது கபாலா விதி. விழுங்கினால் அது வேர் வரை போகாது. (பல் குறைந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். 32 என்பது தியானத்துக்கான கணக்கு, சட்டத்துக்கானது அல்ல.)

லூரியா மரபில் செடர் தட்டை அடுக்கும் முறையில்தான் எனக்குப் பிடித்த புதிர் இருக்கிறது. தட்டில் ஒவ்வொன்றும் ஒரு செஃபிரோத் நிலையைக் குறிக்கும். மூன்று மட்ஸாக்கள் ஹோக்மா, பினா, தாஆத் (ஞானம், புரிதல், அறிவு). மேலே வலப்பக்கம் எலும்பு, ஹெசெத் (அன்பு). இடப்பக்கம் முட்டை, கெவுரா (கடுமை). கீழே வலப்பக்கம் ஹரோசெத் என்னும் இனிப்பு விழுது, நெட்ஸாக். இடப்பக்கம் கர்பாஸ் என்னும் காய்கறி, ஹோத். நடுவில் அடியில் ஹஸெரெத் என்னும் இன்னொரு கசப்புக் கீரை, யெசோத். தட்டே மல்குத். கடுமையின் உருவமான மாரோர் கெவுராவில் அல்லவா இருக்க வேண்டும்? அது நட்டநடுவில், இரக்கத்தின் இடமான திபெரெத்தில் இருக்கிறது.

இதற்கு ஹபாத் என்னும் ஹசிதிய யூத மரபு தரும் விடை எனக்கு நிறைவாக இருக்கிறது: தன் நிலையை எண்ணி மனம் கசந்தால் அந்தக் கசப்பே இரக்கத்தை எழுப்பும். அந்த மரபைத் தொடங்கிய ஷ்நேயுர் ஸல்மானின் தன்யா என்ற நூல் (முதல் அச்சு 1796) 31ஆம் அத்தியாயத்தில் கசப்பையும் சோகத்தையும் பிரிக்கிறது. சோகத்தில் இதயம் கல்லாய் மரத்துப்போகும். கசப்பில் உயிர்த்துடிப்பு இருக்கும். மாரோரை 'துக்கச் சின்னம்' என்று மட்டும் விளக்குபவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இனி நடைமுறை. தல்மூதுக்கு அடிப்படையான சட்டநூல் மிஷ்னா, மாரோருக்கு ஐந்து செடிகளைச் சொல்கிறது. முதலில் வருவது ஹஸெரெத், அதாவது லெட்யூஸ். பிஞ்சில் இனித்து முற்றினால் கசப்பதால் அது இஸ்ரயேலரை எகிப்தியர் நடத்திய விதத்தைப் போன்றது என்று எருசலேம் தல்மூத் காரணம் காட்டுகிறது. செடி பூக்கத் தண்டு விடும்போது வெண்பால் கூடுவதால்தான் அந்தக் கசப்பு. கடையில் கிடைக்கும் ரோமெய்ன் வகை லெட்யூஸ் இலை கசப்பதே இல்லை என்றாலும், அந்த இனம் என்பதே போதும் என்பது பரவலான நடைமுறை. ஹஸோன் இஷ் என்று அழைக்கப்பட்ட ரபி மட்டும் கொஞ்சமாவது கசக்க வேண்டும் என்றார்.

இலையைப் பிரித்துச் சில நிமிடம் தண்ணீரில் போட்டு, ஓடும் நீரில் அலசி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி பாருங்கள். 24 மணி நேரம் ஊறினால் சட்டப்படி வெந்ததற்குச் சமம். அந்த இலை ஆகாது. வினிகரில் அதைவிட வேகமாகக் கெடும். மாரோராக எடுக்கப்படும் குதிரைமுள்ளங்கியின் விழுது, புட்டியில் அடைத்தது என்றால் இதனால்தான் தள்ளுபடி. புதுக் கிழங்கைத் துருவினால் உடனே மூடிவைக்க வேண்டும், இல்லையென்றால் காரம் பறந்துவிடும். கிழங்கைத் துண்டாகக் கடிப்பது வீரமல்ல, உடம்புக்குக் கேடு.

அளவு ஒரு கெசாயித், அதாவது ஓர் ஆலிவ் காயளவு. பலர் 27 முதல் 29 மி.லி. கொள்ளளவு என்பார்கள், மாரோர் இன்று ரபிகளின் (யூத மத அறிஞர்களின்) கட்டளை என்பதால் 17–19 போதும் என்பவர்களும் உண்டு. இலையை அழுத்தி, நடுவில் காற்றில்லாமல் அளக்க வேண்டும். சுமார் நான்கு நிமிடத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். ஹரோசெத்தில் தோய்த்த பிறகு அதை உதறுங்கள். இனிப்பு அப்பிக்கொண்டால் கசப்பு மறையும், சட்டமும் தியானமும் ஒருசேரக் கெடும்.

மட்ஸாவுக்குச் சுதந்திரத்தின் அடையாளமாகச் சாய்ந்து உட்காருவது போல மாரோருக்குச் சாய்வதில்லை. அது அடிமையின் உணவு. அடுத்து வரும் கோரெக் என்ற கட்டத்தில் மட்ஸாவையும் மாரோரையும் சேர்த்துத் தின்னும்போது சாய்வார்கள். அதற்கு இன்னொரு கெசாயித் மாரோர் வேண்டும். இலை பற்றாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆகவே தலைக்கு இரண்டு பங்காக முதலிலேயே எடுத்துவையுங்கள்.