7.3 பவர் ஸ்ட்ரோக்: ஹீட்டர் பிளக்கை இப்போதே மாற்றணுமா?

1999 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டூட்டி டிரக்குகள் பலவற்றில் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் இருக்கும். எல்லாமே இருபது வயது தாண்டிய வண்டிகள். முதல் குளிர் அலை அடித்ததும் செல்ஃப் இழுக்கும், வெள்ளையாகப் புகையும், ஒரு நிமிஷம் நடுங்கிவிட்டு ஓடும். உடனே எட்டு குளோ பிளக்கையும் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். நம்மூர் மெக்கானிக் ஹீட்டர் பிளக் என்பாரே, அதேதான்: குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரின் உள்ளே சூடேற்றுவது.

பிளக் விலை பெரிய விஷயமில்லை. இந்த எஞ்சினில் எட்டும், எஞ்சின் மேல் மூடியான வால்வ் கவருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. கவரைக் கழற்றுவதுதான் வேலையே. அதனால் பிளக்கின் வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மல்டிமீட்டரைப் பார்த்து எடுங்கள். அதற்குக் கவரைத் தொடக்கூட வேண்டாம்.

முதலில் புகையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியப் போதுமான சூடு இல்லை என்று பொருள். அப்போது பிளக் பக்கம் சந்தேகப்படலாம். புகையே வரவில்லையென்றால் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சவே இல்லை. எஞ்சின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் சென்சாரோ ஆயில் பிரஷரோ காரணமாக இருக்கும், பிளக்கை மாற்றிப் பயனில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுத்தாலும் குற்றவாளி பிளக் இல்லை. ஆயில் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் கம்ப்யூட்டர் பிளக்குகளுக்குக் கரண்டே கொடுப்பதில்லை.

பிளக் மேல் அநியாயமாகப் பழி விழும் இன்னொரு இடம் ஆயில். இந்த எஞ்சினின் இன்ஜெக்டர்களை இயக்குவது உயர் அழுத்த எஞ்சின் ஆயில். ஏறக்குறைய 500 பிஎஸ்ஐ வந்தால்தான் அவை வேலை செய்யும். உறைபனிக் குளிரில் 15டபிள்யூ-40 ஆயில் கெட்டியாகிவிடும், அழுத்தம் ஏறத் தாமதமாகும். குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-40 மாற்றியதும் “பிளக் பிரச்சினை” காணாமல் போன வண்டிகள் நிறைய. இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாகக் கழற்றி லோடு டெஸ்ட் செய்யுங்கள், ஒன்று செத்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 10.5-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது ரிலே, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்ச். எஞ்சின் மேலே, ஃபியூயல் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும். டாஷ்போர்டில் ‘காத்திரு’ விளக்கு அணைவதை நம்பாதீர்கள். அந்த விளக்குக்கும் பிளக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. விளக்கு சில நொடிகளில் அணைந்துவிடும், ரிலேயோ குளிரைப் பொறுத்து 120 நொடிவரை கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆறிய எஞ்சினில் சாவியை ஆன் செய்து, ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டிலும் வோல்டேஜ் எடுங்கள். பேட்டரி பக்கத்துக்கும் பிளக் பக்கத்துக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே கான்டாக்ட் கருகிவிட்டது. ‘டக்’ என்ற சத்தம் கேட்டாலே ரிலே நல்லது என்று முடிவுகட்டக் கூடாது, கருகிய ரிலேயும் அந்தச் சத்தம் போடும். மாறாக, எட்டு பிளக்கும் ஒரே சமயத்தில் செத்திருந்தால், கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு கரண்ட் நிற்காமல் போனதா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் புதுசு போட்டால் அதுவும் எரியும்.

ரிலே சரி என்றால் ஓம் டெஸ்ட், அதாவது பிளக்கின் மின்தடையை அளப்பது. ஒவ்வொரு வால்வ் கவர் ஓரத்திலும் கேஸ்கெட்டோடு சேர்ந்த ஒன்பது பின் கனெக்டர் ஒன்று இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். ஓடும்போது இன்ஜெக்டர் வயர்களில் 110 வோல்ட் அளவுக்குப் பாயும், விளையாட்டில்லை. இரண்டு ஓரத்திலும் உள்ள இரண்டிரண்டு பின்கள் பிளக்குகளுக்கு, நடுவில் உள்ள ஐந்தும் இன்ஜெக்டர்களுக்கு. மீட்டர் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பிறகு பின்னுக்கும் எஞ்சின் எர்த்துக்கும் நடுவே அளவெடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது நல்ல பிளக் ஒரு ஓமுக்குள் காட்டும். இரண்டைத் தாண்டினால் கெட்டது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் பிளக் போயிருக்கலாம், அல்லது கவருக்கு உள்ளே இருக்கும் கனெக்டர் அதிர்வில் கழன்று கருகியிருக்கலாம். இந்த இரண்டாவது ரொம்ப சகஜம். அப்படியானால் ஓடும்போதும் அந்தப் பக்கம் மிஸ் அடிக்கும், ஏனென்றால் இன்ஜெக்டர் வயரும் அதே வழியாகத்தான் போகிறது.

ஸ்கேனரில் எரர் கோடு (code) வரவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகக் கண்காணித்து பி0671 முதல் பி0678 வரை கோடு சொல்லும் மாட்யூல் கலிபோர்னியாவுக்கான வண்டிகள் போன்ற சிலவற்றில்தான் உண்டு. சாதாரண ரிலே வண்டியில் நாலு பிளக் செத்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியாது.

இனி முடிவு. எட்டும் ஒரு ஓமுக்குள் இருந்தால், இருபது வருஷப் பழசானாலும் தொடாதீர்கள். ஒன்று மட்டும் போயிருந்து, வண்டி டெக்சாஸ் மாதிரி வெப்பமான இடத்தில் ஓடினால் அப்படியே விடலாம், மற்ற ஏழும் சமாளிக்கும். மினசோட்டா மாதிரி கடுங்குளிர் இடம் என்றால் ஒன்றே போதும், அந்தப் பக்கத்தைத் திறங்கள். திறந்தால் அந்தப் பக்கத்து நாலையும் மாற்றுங்கள், நல்லதாக அளவு காட்டுவதையும் சேர்த்து. எதிர்ப்பக்கம் நல்ல அளவு காட்டினால் அதை விட்டுவிடலாம். இன்ஜெக்டர் ஓ-ரிங்குக்காகவோ கேஸ்கெட்டுக்காகவோ கவர் எப்படியும் கழன்றிருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் புதுசு போடுங்கள். வயதைப் பார்க்க வேண்டிய ஒரே சமயம் அதுதான். இரவில் எஞ்சினைக் கரண்டில் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் மாட்டும் வழக்கமுள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மூணு நாலு மணி நேரம் சூடேறிய எஞ்சின் செத்த பிளக்கோடும் கிளம்பிவிடும், அதனால் கோளாறு தெரியாமலே ஒளிந்திருக்கும்.

வாங்கும்போது மோட்டார்கிராஃப்ட் இசட்டி-11 வாங்குங்கள். மலிவு பிளக்குகளின் முனை சூட்டில் வீங்கிவிடும். வீங்கியதைக் கழற்றும்போது முனை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட் வரைக்கும் கழற்றும் வேலையாகிவிடலாம். இங்கே சேமிக்கும் காசு சேமிப்பே இல்லை.

கழற்றுவதற்கு எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயர் கனெக்டரை நேராக மேலே இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைத் திருகும் முன் அதன் தலையில் நேரடியாக இன்னொரு முறை ஓம் பாருங்கள். இங்கே நல்லது, வெளியே கெட்டது என்றால் கேஸ்கெட்டோடு வரும் வயரிங்தான் பழுது. பிளக்கைச் சுற்றியுள்ள ஆயிலைத் துடைத்துவிட்டு 10 எம்எம் டீப் சாக்கெட்டில் கையாலேயே கழற்றுங்கள், இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். இறுகினால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து எடுங்கள். ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டிய கடைசி பிளக்குகளுக்குக் கை நுழைவது கஷ்டம். சிறிய ரப்பர் ஹோஸ் துண்டைப் பிளக் தலையில் மாட்டிச் சுழற்றினால் எடுப்பதும் போடுவதும் சுலபம். புதுசை விரலாலேயே ஏற்றி, 19 நியூட்டன் மீட்டர் டார்க்கில் நிறுத்துங்கள். பிளக்குக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான், அதனால் கிரீஸ் எதையும் பூச வேண்டாம்.

வேலை முடியும்வரை சமாளிக்கலாம் என்று ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். உள்ளே சூடான பிளக், இன்டேக்கில் ஏர் ஹீட்டர், இவை ஈதரைக் கண்ட இடத்தில் பற்றவைக்கும், பிஸ்டன் உடையும்.

உள் கனெக்டர்கள் ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, கவரை மூடும் முன் வெளிப் பின்களில் நாலு அளவையும் மறுபடி எடுத்து எழுதி வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் ஒப்பிட அந்த நாலு எண்கள் வேண்டும்.