30 விநாடி அசையாத மாமனார்

நாங்கள் தருமபுரிக்காரர்கள். ஒகேனக்கல் எங்களுக்கு 46 கிலோமீட்டர். வெளியூர்ச் சொந்தம் வந்தால் கூட்டிப் போவோம். ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம், அவ்வளவு கூட்டம். மற்றபடி எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் தின்று, வண்டியில் தூங்கிக்கொண்டே திரும்புகிற இடம் அது. போட்டோ எடுப்பதற்காகவே ஒருவர் அங்கே போவார் என்பது என் மச்சினன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து கேமரா வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அருவி பட்டுத் துணி மாதிரி விழணும் மாமா" என்றான்.

யூடியூபில் கற்ற வித்தை. கேமராவை முக்காலியில் ஆடாமல் நிறுத்தி, ஷட்டரை 30 விநாடி திறந்தே வைக்க வேண்டுமாம். துளித்துளியாகத் தெரியாமல் தண்ணீர் பால் மாதிரி வழியும். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும், அதனால் லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதாவது கேமராவுக்குக் கூலிங் கிளாஸ். "இதுல இன்னொரு விசேஷம் இருக்கு மாமா. நடமாடற ஆளுங்க படத்துல விழவே மாட்டாங்க. அசையாம இருக்கறது மட்டும்தான் பதியும்." ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கலை ஆளே இல்லாமல் எடுக்கலாம் என்றால் அது வித்தை இல்லை, அற்புதம். நானும் கிளம்பிவிட்டேன்.

வேறு ஊரில் சுற்றுலா போகிறவர்கள் மழை வருமா என்று பார்ப்பார்கள். நாங்கள் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் தண்ணீர் எத்தனை கன அடி என்று பார்ப்போம். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டார்கள் என்றால் இங்கே குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை, மீனை மட்டும் தின்றுவிட்டு வரலாம். அன்றைக்கு 8,000 கன அடிதான். அத்தை, மாமனார், என் மனைவி, நான், பின்சீட்டில் ஒரு குழந்தையைப் போல முக்காலி. பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் வளைந்து இறங்கும்போது, வழியில் ஒரு யானையாவது நிற்காதா என்று மச்சினன் வேண்டிக்கொண்டான். நிற்கக்கூடாது என்று அத்தை வேண்டிக்கொண்டார். அத்தையின் வேண்டுதலே பலித்தது.

முதலில் தொங்கு பாலத்துக்குப் போனோம். மச்சினன் முக்காலியை நிறுத்தி ஷட்டரைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் கும்பல் பாலத்தில் குதித்துக்கொண்டு வந்தது. பெயரிலேயே 'தொங்கு' என்று இருக்கும் ஒன்றின் மேல் கேமராவை ஆடாமல் வைக்க நினைத்தது யார் தப்பு என்று நான் கேட்கவில்லை. படத்தில் மூன்று காவிரி ஓடியது.

சரி என்று இறங்கி அருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறையைப் பிடித்தோம். இங்கே வேறு தொல்லை. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. தண்ணீர் பாறையில் மோதித் தெறிப்பது புகை கிளம்புவது போல் இருப்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். அந்தப் புகை நேராக லென்சில் வந்து உட்கார்ந்தது. துடைத்தான், உட்கார்ந்தது. அவன் கொண்டுவந்த மஞ்சள் துணி பத்து நிமிடத்தில் நனைந்துவிட, அத்தையின் முந்தானை ஒரு மணி நேரம் கேமராச் சேவையில் இருந்தது. அத்தையும் கூடவே நிற்க வேண்டியதாயிற்று.

இதற்குள் மாமனார் காணாமல் போயிருந்தார். அவர் வந்ததே எண்ணெய்க்குத்தான். பட்டாபட்டி டிராயரோடு உட்கார்ந்து, எண்ணெய் தேய்க்கிற அண்ணனிடம் தலையைக் கொடுத்துவிட்டார். தலையில் அவர் போடுகிற தாளம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கடைசியில் அந்த அண்ணன், "எண்ணெய் நல்லா ஊறணும் பெரியவரே. கொஞ்ச நேரம் அப்படியே உக்காருங்க" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. மாமனார் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர் இல்லை. ஆனால் எண்ணெய் விஷயத்தில் கேட்பார்.

அதே நேரம் இந்தப் பக்கம் மச்சினனுக்குக் காற்று திசை மாறியது. புகை விலகியது. ஏழு படம், ஒவ்வொன்றும் 30 விநாடி. திரையில் வெயில் அடித்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "வெள்ளையாத் தெரியுது மாமா, அப்போ பட்டு வந்துருச்சு" என்றான்.

ராத்திரி வீட்டில் டிவியில் போட்டான். சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருவி நிஜமாகவே பட்டுதான். குளித்துக்கொண்டிருந்த நூறு பேரும் ஆவியாகிப் போயிருந்தார்கள். பாறை, பால் போல் தண்ணீர், அந்தரத்தில் லேசாக ஒரு புகை.

இடது ஓரத்தில், பட்டாபட்டியின் ஒவ்வொரு கோடும் எண்ணிக்கொள்ளும்படி, மாமனார்.

எண்ணெய் மினுங்க, கண்ணை மூடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். உலகமே கரைந்து போய் அவர் ஒருவர் மட்டும் தவத்தில் மிஞ்சியதுபோல் இருந்தது. அடுத்த படம் போட்டான். மாமனார். அடுத்தது. மாமனார். ஏழிலும் ஒரே இடம், ஒரே கோணம், ஒரு மயிரிழை நகரவில்லை. சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்ச் சிரித்தார்.

"ஏன்டா, உங்கப்பா உக்காந்திருந்தது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் அத்தை.

"நான் அருவியைப் பார்த்துட்டு இருந்தேம்மா."

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் ஏழு படத்தையும் மறுபடி போடச் சொன்னார். நான்காவதில் நிறுத்தச் சொன்னார்.

"இது நல்லா விழுந்திருக்குடா. அந்த அருவியை வெட்டிட்டு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு."