கிட்டி வெல்ஸ் பாடிய எசப்பாட்டு

அமெரிக்காவின் நாட்டுப்புற வழி வந்த கன்ட்ரி இசையில் எனக்கு ரொம்பப் பிடித்த சண்டை 1952-ல் நடந்தது. ஹாங்க் தாம்சனின் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' அந்த வருஷம் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன்பே ஜிம்மி ஹீப் குழு இதைப் பதிவு செய்திருந்தாலும் ஊரெல்லாம் ஓடியது தாம்சனின் இசைத்தட்டுதான். விஷயம் வழக்கமான ஆண் புலம்பல். பெண்டாட்டி தன்னை விட்டுவிட்டு குடியும் ஆட்டமுமான ஹாங்கி டாங்க் பார்களுக்கே திரும்பிவிட்டாள், இப்படிப்பட்டவர்களையும் கடவுள் படைத்திருக்கிறார் என்று தெரியாமல் போயிற்றே என்று அழுகிறான்.

இதற்கு லூசியானாக்காரர் ஜே. டி. மில்லர் எழுதிய எசப்பாட்டுதான் 'இட் வாஸ்ன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்', அதாவது ஹாங்கி டாங்க் தேவதைகளைப் படைத்தது கடவுள் இல்லை. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் தாம்சனின் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அதைக் கேட்டபடி ஒரு பெண் பதில் சொல்கிறாள்: கடவுள் மேல் பழி போடாதே, கல்யாணமான பிறகும் கட்டை பிரம்மச்சாரி மாதிரி திரிகிற ஆண்களால்தான் நல்ல பெண்கள் கெட்டுப்போகிறார்கள். எழுதியவர் ஓர் ஆண் என்பது தனி வேடிக்கை.

பாடிய கிட்டி வெல்ஸ் அப்போது பாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். அதற்கு முன் ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு கம்பெனிக்குப் பாடியவை எடுபடவில்லை. 1952 மே மாதம் நாஷ்வில்லில் டெக்கா கம்பெனிக்காக இதைப் பாட ஒப்புக்கொண்டதே 125 டாலர் சம்பளத்துக்காகத்தான். என்பிசி வானொலி பாட்டைத் தடை செய்தது, கன்ட்ரி பாடகர்களின் பெரிய வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையிலும் முதலில் பாட விடவில்லை. ஆனாலும் ஆறு வாரம் முதலிடம்! பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான்.

இரண்டுக்கும் மெட்டு ஒன்றே, அதுவும் கடன் வாங்கியது. 1929-ல் கார்ட்டர் குடும்பம் 'ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்' என்று காதல் ஏக்கமாகப் பாடியதும், 1936-ல் ராய் ஏக்கஃப் 'த கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' என்று பக்திப் பாட்டாகப் பதிவு செய்ததும் இதே மெட்டில்தான். தேவாலய வாசனை ஒட்டிய மெட்டில் ஒருவன் பெண்டாட்டியைத் திட்ட, அதே மெட்டிலேயே அவனுக்குத் திருப்பிக் கிடைத்தது. வேறு மெட்டில் பாடியிருந்தால் இந்த அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். 1977-ல் கன்ட்ரி பாடகர் டேவிட் ஆலன் கோ தன் பாட்டு ஒன்றின் முடிவில் இந்தப் பழைய பாடல்களின் பெயர்களைக் கோர்த்து ஒரு சரமே கட்டிவிட்டார், குறும்புக்காரர்.

பின்னால் வந்த பதிவுகளில் 1981-ல் வேலன் ஜென்னிங்ஸும் ஜெஸ்ஸி கோல்ட்டரும் இரண்டு பாட்டையும் இணைத்துப் பாடியது நன்றாக இருக்கும், கணவன் மனைவியே எதிரெதிர் கட்சி. 1993-ல் டாலி பார்ட்டன், லொரெட்டா லின், டாமி வைனெட் மூவரும் பாடியபோது எழுபதைத் தாண்டிய வெல்ஸும் வந்து சேர்ந்துகொண்டார். இருந்தாலும் எனக்கு 1952 பதிவுதான். குரலில் கோபமே இல்லை, கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். தாம்சனை முதலில் கேட்டுவிட்டு, இடைவெளி விடாமல் அடுத்து இதைப் போட்டுக் கேளுங்கள்.