186 லைன் 179 ஆன கதை: கிரிட் ப்ராஜெக்டில் நான் பட்டது

வைவா போன வாரம் முடிந்தது. பாஸ். இன்னும் அந்த எரிச்சல் அடங்கவில்லை என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்; ஆறினால் எல்லாம் சுகமாக நடந்த மாதிரி எழுதிவிடுவேன்.

எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் கடைசி வருடம். மின் கிரிட்டை ஒரு கிராஃபாக வரைந்து, எந்த சப்ஸ்டேஷனோ எந்த லைனோ போனால் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் தலைப்பு. சப்ஸ்டேஷன் ஒரு புள்ளி, லைன் ஒரு கோடு, மீதியை நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதான் நிரல் தொகுப்பு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

முதல் மூன்று வாரம் ஒரு மின்துறை அலுவலகத்தின் இன்வர்டு பிரிவில் கழிந்தது. நிஜ டேட்டா இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை. கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி, விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். அங்கிருந்தவர் கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, கண்காணிப்புப் பொறியாளர்னு போட்டிருக்கே, இது தலைமைப் பொறியாளருக்குப் போக வேண்டிய தபால்" என்றார். பேனாவால் திருத்தித் தரவா என்றேன். அவர் பார்த்த பார்வையில் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டாம் முறை பெயர் சரி, ஆனால் பொனாஃபைட் சர்ட்டிஃபிகேட் இல்லை. ஜெராக்ஸ் வைத்திருந்தேன், ஒரிஜினல் வேண்டுமாம். மூன்றாம் முறை உள்ளே இருந்த ஒரு பொறியாளர் உட்கார வைத்து டீ கொடுத்து, "இந்த டயக்ராம் எல்லாம் வெளியே தரமாட்டோம்மா, பாதுகாப்பு விஷயம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. அதை முதல் நாளே வாசலில் யாராவது சொல்லியிருக்கலாம்.

அதனால் முதல் எச்சரிக்கை: டேட்டாவுக்காக அலையாதீர்கள். தென் மாநிலங்களின் கிரிட்டைக் கண்காணிக்கும், பெங்களூருவில் இருக்கும் தென்மண்டல லோடு டெஸ்பாட்ச் சென்டர் தன் தினசரி அறிக்கைகளை இணையத்திலேயே போடுகிறது. பழகிப் பார்க்க ஐட்ரிபிள்இ 118 பஸ் என்ற மாதிரி கிரிட் கோப்பு இருக்கிறது (இங்கே பஸ் என்றால் லைன்கள் வந்து சேரும் மின் முனை). லைன்கள் எந்த வழியாகப் போகின்றன என்பதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தன்னார்வலர்கள் வரைந்த இணைய வரைபடம். குறை சொன்னால் நாக்கு அழுகும், ஆனாலும் சொல்கிறேன். பல லைன்கள் சப்ஸ்டேஷன் வேலி வரை வந்து நின்றுவிடும், உள்ளே இருக்கும் புள்ளியோடு சேராது. கண்ணுக்கு ஒட்டின மாதிரி தெரியும், கோப்பில் ஒட்டியிருக்காது. முதல் தடவை ஏற்றியபோது என் கிரிட் உடைந்த அப்பளம் மாதிரி துண்டு துண்டாக வந்தது. வேலிக்குள் வரும் முனைகளை எல்லாம் அந்த சப்ஸ்டேஷனோடு சேர்க்க ஒரு சின்ன நிரல் எழுதி அதைச் சரி செய்தேன்.

இதற்கு நேர்மாறான தப்புதான் மோசம். பிட்வீன்னெஸ், அதாவது குறுகிய பாதைகளில் எத்தனை ஒரு புள்ளி வழியாகப் போகின்றன என்ற கணக்கைப் போட்டால், முதலிடத்தில் ஒரு பெயரே இல்லாத புள்ளி வந்தது. கிரிட்டின் இதயத்தையே கண்டுபிடித்துவிட்டேன் என்று ரிவ்யூ ஸ்லைடில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தேன். முந்தைய இரவு ஏதோ தோன்றி சாட்டிலைட் படத்தில் பார்த்தேன். மஞ்சள் காடோ மரவள்ளிக் காடோ, சுற்றிலும் ஒரு கட்டடம்கூட இல்லை. இரண்டு லைன்கள் வேறு வேறு உயரத்தில் ஒன்றையொன்று கடந்து போகும் இடம் அது. வரைந்தவர் குறுக்கே ஒரு புள்ளி வைத்துவிட்டார், என் நிரல் அதை சப்ஸ்டேஷன் என்று எடுத்துக்கொண்டது. ஸ்லைடை நீக்கிவிட்டுத் தூங்கும்போது மணி மூன்று. முதல் இருபது இடங்களில் வரும் புள்ளிகளையாவது சாட்டிலைட் படத்தில் பார்த்துவிட்டு ஸ்லைடு போடுங்கள்.

அப்புறம் 118 பஸ் கோப்புக்கு வந்தேன், இது சுத்தமான டேட்டா, இதில் என்ன வரும் என்று. கைடு எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "எத்தனை கிளை?" "179 சார்." "186 இருக்கணுமே." இரண்டு நாள் தேடினேன். ஒரே இரண்டு பஸ்களுக்கு நடுவே இணையாகப் போகும் லைன்கள் அதில் உண்டு. நெட்வொர்க்எக்ஸில் சாதாரண கிராஃப் எடுத்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், எந்த எச்சரிக்கையும் தராது. இணைக் கோடுகளைத் தனித்தனியாக வைக்கும் மல்டிகிராஃப் எடுக்க வேண்டும். இதுவோ தாங்குதிறனைப் படிக்கிற ஆராய்ச்சி. ஒரு சர்க்கிட் போனால் தாங்கத்தான் இணை சர்க்கிட் கட்டியிருக்கிறார்கள், நான் அதையே தூக்கிப் போட்டுவிட்டிருந்தேன்.

இன்னொன்று. பலமான லைனுக்கு அதிக எடை தரலாம் என்று அட்மிட்டன்ஸை (லைன் மின்சாரத்தை எவ்வளவு எளிதாக விடும் என்பதை) வெயிட்டாகக் கொடுத்தேன். நெட்வொர்க்எக்ஸ் பிட்வீன்னெஸில் வெயிட் என்றால் தூரம். என் கிரிட்டில் மிக நல்ல லைன்தான் மிக நீளமான சாலை ஆகிவிட்டது. அதற்குப் பதில் ரியாக்டன்ஸ், அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு லைன் காட்டும் தடையைக் கொடுங்கள்.

சரி, அடுத்தது தொடர் சரிவு. ஒரு லைனை அறுத்தால் அதன் லோடு மற்றவற்றில் ஏறி, வரம்பு மீறியவை ட்ரிப் ஆகி (தானாகத் துண்டிக்கப்பட்டு), அப்படியே போகுமா என்று பார்ப்பது. ஓடவிட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. எதை அறுத்தாலும் என் கிரிட் இரும்புக்கோட்டை. ஒரு நாள் முழுக்க சந்தோஷமாகத் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, மேட்பவர் என்ற மின் கணக்கு மென்பொருளோடு வரும் அந்த 118 பஸ் கோப்பில் லைன்களுக்கு உருப்படியான வரம்பே கிடையாது. வரம்பு இல்லாவிட்டால் எது ட்ரிப் ஆகும்? நாமே வைக்க வேண்டும். எல்லோரும் செய்கிற மாதிரி, ஆரம்பத்தில் ஓடும் லோடைவிடச் சில சதவீதம் அதிகம் என்று வைத்தேன். இப்போது எதைத் தொட்டாலும் மொத்தமும் விழுந்தது. காரணம், ஆரம்பத்தில் கிட்டத்தட்ட சும்மா இருந்த லைன்களுக்கு வரம்பும் கிட்டத்தட்ட பூஜ்யம். கொஞ்சம் லோடு வந்தாலே அவை போய்விடும். குறைந்தபட்ச வரம்பு ஒன்று வைத்த பிறகுதான் நம்பும்படியான முடிவு வந்தது.

இரண்டாம் ரிவ்யூவில்தான் நிஜமான அடி. என் முறை சரியா என்று பார்க்க 2012 ஜூலை பெரும் மின்தடையை எடுத்திருந்தேன். விசாரணைக் குழு அறிக்கை பொதுவில் இருக்கிறது, அவசியம் படியுங்கள். ஜூலை 30 அதிகாலை 2.33-க்கு 400 கேவி பீனா–குவாலியர் லைன் ட்ரிப் ஆகி வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் மதியம் அதே லைன் மறுபடி போய், வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. நான் என் கிராஃபில் அந்த ஒரு கோட்டை அழித்தேன். கிராஃப் அசையவே இல்லை. எல்லாப் புள்ளிகளும் வேறு வழியில் இணைந்தேதான் இருந்தன.

ரிவ்யூவுக்கு வந்திருந்த பேராசிரியை கேட்டார், "அப்போ அந்த ரெண்டு நாளும் கரன்ட் போகலைன்னு சொல்றியாம்மா?"

அந்த லைனில் எந்தப் பழுதும் இல்லை. லோடு ஏறி ஏறி, பாதுகாப்புக் கருவியான ரிலே அதைத் தொலைதூரப் பழுது என்று நினைத்து, தூரத்துப் பழுதுகளுக்கான மூன்றாம் மண்டல அமைப்பில் அறுத்துவிட்டது. பக்கத்து சர்க்கிட் 765 கேவி-க்கு மாற்றும் வேலைக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. இதெல்லாம் புள்ளியிலும் கோட்டிலும் எங்கே தெரியும்? கரன்ட் குறுக்குவழி பார்த்துப் போவதில்லை, இருக்கிற எல்லா வழியிலும் பிரிந்து ஓடும். நானோ குறுகிய பாதைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்து தெற்கைக் காட்டினார். என் கிராஃபில் தென் கிரிட் வடக்கோடு நன்றாக இணைந்திருந்தது, அதாவது அதுவும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். நான் எடுத்தது இன்றைய வரைபடம். 2012-இல் தெற்கு தனியாக ஓடியது, தால்சர்–கோலார் மாதிரி எச்.வி.டி.சி. (உயர் அழுத்த நேர்திசை மின்) இணைப்புகள் வழியாக மட்டுமே தொடர்பு. அவை மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் அங்கே ஃப்ரீக்வென்சி ஆடினால் இங்கே அதே ஆட்டம் வராது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வந்து தெற்கு ஒரே கிரிட்டாகச் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-இல்தான். நாங்கள் 2012-இல் இருட்டில் மூழ்காததற்குக் காரணமே அந்த எச்.வி.டி.சி. தொடர்பு மட்டும் இருந்ததுதான், என் கிராஃபில் அது மற்றதைப் போல ஒரு கோடு.

அழவில்லை. கேன்டீன் மூடியிருந்ததால் நேராக ஹாஸ்டல் போய்விட்டேன்.

மின் கிரிட் ஆராய்ச்சியாளர் பால் ஹைன்ஸின் குழு 2010-லேயே, வெறும் வடிவத்தை வைத்துச் சொல்லும் அளவுகோல்கள் மின் கிரிட்டில் தவறான வழி காட்டலாம் என்று எழுதியிருக்கிறது. அதைத் தொடக்கத்தில் படித்திருக்கிறேன், அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

மீதி எட்டு வாரத்தில் டிசி லோடு ஃப்ளோவுக்கு, அதாவது ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று தோராயமாகச் சொல்லும் கணக்குக்கு, மாறினேன். ஒவ்வொரு ட்ரிப்புக்குப் பிறகும் ரியாக்டன்ஸ்படி லோடை மறுபடி பகிர்ந்து கணக்கிட்டேன். கிரிட் தீவுகளாக உடைந்ததும் சிங்குலர் மேட்ரிக்ஸ் (சமன்பாட்டைத் தீர்க்க முடியாது) என்று நிரல் கத்தும். தீவு ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லாக் பஸ் (கூடுதல் குறைவைச் சமன் செய்யும் முனை) வையுங்கள், ஜெனரேட்டரே இல்லாத தீவை இருட்டு என்று கணக்கில் எழுதிவிடுங்கள். எச்.வி.டி.சி.யைக் கோடாக வரையாமல், ஒரு முனையில் லோடாகவும் மறு முனையில் ஜெனரேட்டராகவும் வைத்தேன். 118 பஸ்ஸில் பிட்வீன்னெஸ் பட்டியலையும் லோடு ஃப்ளோ தந்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்பதையே தீசிஸின் முக்கிய அத்தியாயமாக்கினேன். 2012-ஐ நிரலில் ஓட்டுவதை விட்டுவிட்டு, இந்த முறை எங்கே தோற்கும் என்பதற்கு உதாரணமாக எழுதினேன். வைவாவில் அந்தப் பக்கத்துக்குத்தான் "குட்" கிடைத்தது.

நேற்று மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன். "ஏம்மா, உங்க லெட்டர் இங்க பெண்டிங்ல இருக்கு. பொனாஃபைட் ஒரிஜினல் எப்ப கொண்டு வர்றீங்க?"